மழைச்சோற்றுப் படம்

படம் எடுப்பதற்கு முன்னால் அனுமதி கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எடுத்து முடித்த பிறகும் கேட்கிறவர் என்று நான் அறிந்தது அந்தப் படக்காரம்மா ஒருவரைத்தான்.

படத்தை எடுத்து, வீட்டு இருட்டறையில் கழுவி, தாளில் பிரதி போட்டு, அதைத் துணியில் சுற்றிக்கொண்டு மறுபடியும் அதே ஊருக்குப் போவார். படத்தில் இருப்பவர் கையில் அதைக் கொடுப்பார். அவர்கள் பார்க்கும்போது பேச மாட்டார். பார்த்து முடித்ததும், "இது உங்களுக்கு. இன்னொண்ணு மெட்ராசுக்கு அனுப்பட்டுங்களா?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் அதோடு சரி. வற்புறுத்த மாட்டார், காரணமும் கேட்க மாட்டார். கண்ணாடித் தகட்டையும் அவர்களிடமே கொடுத்துவிடுவார். "நெகட்டிவ் இதுதாங்க. ஒடைச்சாலும் சரி, வெச்சிருந்தாலும் சரி" என்பார். யாரும் உடைத்ததாக எனக்கு நினைவில்லை. ஓமலூர்ப் பக்கத்தில் ஒருத்தி அதை வெளிச்சத்துக்காகத் தன் ஓட்டுக்கூரையில் செருகிவிட்டாள். தகட்டில் பதிந்திருந்த, பச்சை குத்திய அவளுடைய கையின் நிழல் வெயில் நேரத்தில் அவள் வீட்டுத் தரையிலேயே மங்கலாக விழுந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி அவர் சந்தோஷப்படுவார்.

நான் அப்போது ஜில்லா போர்டில் மருத்துவச்சியாக இருந்தேன். பயிற்சி முடித்து சேலத்துக்கு மாற்றலாகி வந்தபோது செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு வாடகைக்குக் கிடைத்த மாடியறைக்குக் கீழேதான் அவர்களுடைய ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முன்னறையில் மாளிகையும் மரமும் வரைந்த ஒரு திரை, ஒரு நாற்காலி, பின்னால் இருட்டறை, அதற்கும் பின்னால் சமையல். தொழில் அந்தம்மாவின் கணவருடையது. அவருக்குக் கண்ணில் பூ விழுந்து பார்வை மங்கிக்கொண்டே வந்ததும் கேமராவை மனைவி கையில் எடுத்தார். கழுவும் வேலையைக் கணவர் வைத்துக்கொண்டார். "இருட்டுக்குள்ள எல்லாருக்கும் ஒரே கண்ணுதானே" என்று அவர் சிரிப்பார். நான் அவரை மாமா என்றும் அந்தம்மாவை அக்கா என்றும் கூப்பிடப் பழகியிருந்தேன்.

அக்கா நெடுநெடுவென்று இருப்பார். மருந்தில் கை வைத்து வைத்து விரல் நுனிகள் பழுப்பேறியிருக்கும். ஊர்ப் பெண்கள் முதலில் அதை மருதாணி என்று நினைத்து, எங்கே வாங்கியது என்று விசாரிப்பார்கள். நடக்கும்போது மூன்றுகால் மரத்தாங்கியைத் தோளில் போட்டுக்கொள்வார். அதைப் பார்த்து நிலம் அளக்க வந்தவர் என்று பயந்து ஓடியவர்கள் உண்டு.

சென்னையில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் கிராமத்து வழக்கங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பாட்டும் கதையும் எழுதிக்கொள்ள ஆட்கள் கிடைத்தார்கள். கும்மியில் கை எப்படிப் போகிறது, நோம்பி பண்டிகைக்குச் சுவரில் என்ன வரைகிறார்கள், கூத்துக்காரன் முகத்தில் எந்த இடத்தில் எந்தக் கோடு போடுகிறான் என்பதெல்லாம் எழுதினால் தெரியாது. அவர் சேலம் வந்தபோது யாரோ அக்காவைக் காட்டினார்கள். பெண்கள் கூடும் இடத்துக்கு ஆண்பிள்ளைப் படக்காரர்கள் போக முடியாது. அக்கா போவார். நான் பிரசவம் பார்த்த ஊர்களுக்கு என்னோடு வருவார். அப்படித்தான் எங்கள் சிநேகிதம் வளர்ந்தது.

கூத்தில் ராணி வேஷம் கட்டுகிற ஒரு சம்சாரி இருந்தார். பகலில் ஏர் ஓட்டுவார். அவரை அக்கா எடுத்த படத்தை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருடைய மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தம்மா யாரூட்டுப் புள்ளைங்க, லச்சணமா இருக்குதே?" என்றாள். கணவர் பின்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். புரிந்ததும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அந்த மனிதர் படத்தை அனுப்ப ஒப்புக்கொள்ளவில்லை. வேஷத்தோடு பீடி பிடிக்கும்போது எடுத்த படம் அது. ராணி பீடி குடிக்கலாமா என்பது அவருடைய கவலை. அக்கா வாதாடவில்லை. அடுத்த கூத்துக்குப் போய் நிறைந்த சபையில் அவர் நிற்கும்போது வேறு படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

யுத்த காலத்தில் போட்டோத் தாள் கிடைப்பது குதிரைக் கொம்பானது. மற்றவர்களாக இருந்தால் ஊர்க்காரர்களின் பிரதியை நிறுத்திவிட்டுப் பேராசிரியருக்கு மட்டும் அனுப்பியிருப்பார்கள். அக்கா தாளை வில்லை வில்லையாக நறுக்கித் தீப்பெட்டி அளவில் படம் போட்டார். ஊர்க்காரர்களுக்கு ஒரு வில்லை, பேராசிரியருக்கும் அதே அளவில் ஒரு வில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அதனால்தான் இன்றைக்கும் அந்தப் படங்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. சென்னையில் அந்தக் கல்லூரியில் படிக்க வருகிறவர்கள் பார்க்கிறார்கள். இங்கே வீட்டுச் சுவரிலும் துணிப்பெட்டியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் அதே படங்கள் இருக்கின்றன.

இந்தப் பிடிவாதத்தால் அவர் ஒருமுறை பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி மழை பொய்த்தது. பனமரத்துப்பட்டி ஏரி வற்றி, நடுவில் வெள்ளாடு மேய்ந்தது. ஏரிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்த ஊர்ப் பெண்கள் மழைச்சோறு எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். மழை வராத வருஷத்தில் பெண்களெல்லாம் பானையோடு வீடு வீடாகப் போய் உப்பில்லாச் சோறு வாங்குவார்கள். எல்லார் வீட்டுச் சோற்றையும் ஒன்றாகப் பிசைந்து ஊர் எல்லையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிறகு, பிழைக்க வழியில்லை, ஊரை விட்டுப் போகிறோம் என்று தலைமயிரை அவிழ்த்துப் போட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டு நடப்பார்கள். ஆண்கள் ஓடி வந்து, மழை வரும், போகாதீங்க என்று மறித்துக் கூட்டிப்போவார்கள். அதுவரை ஆண்கள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

அக்கா அதைப் படமெடுக்க ஆசைப்பட்டார். நான் கேட்டுப் பார்த்தேன். பெரிய பண்ணையத்து அம்மாள்தான் அங்கே பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர். யோசித்துவிட்டு, "நாங்க பாக்கறதுக்கு முந்தி வேற ஒரு கண்ணு பாக்கக் கூடாதுங்க. சரின்னா வாங்க" என்றார். அக்கா சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டார்.

அன்றைக்கு அவர் எடுத்தவற்றில் இரண்டு படங்கள் எனக்கு மறக்காது. ஒன்று, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது. பஞ்சத்திலும் ஏதோ ஒருத்தி வேடிக்கை பேச, எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொன்று, அழுதுகொண்டு நடப்பது. அதில் எல்லாருக்கும் முன்னால் பாவாயி என்கிற இளம்பெண். தலைவிரிகோலமாக, இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டி, வாய் திறந்து கதறுகிறாள். அந்தப் படத்தைப் பார்த்தால் கதறல் காதில் விழும்.

பிரதி போட்டு உலரவைத்து, அடுத்த சந்தை நாளில் ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தோம். எனக்கு எடப்பாடிப் பக்கம் ஒரு பிரசவம் வந்துவிட்டது. துணைக்கு அக்காவும் வந்தார். நாங்கள் இல்லாதபோது பேராசிரியரின் ஆள் ஸ்டூடியோவுக்கு வந்திருக்கிறார். ஓமலூர்ப் படங்களை வாங்கிப்போக வந்தவர். அவை தயாராக மேஜைமேல் இருப்பதாக அக்கா மாமாவிடம் சொல்லி வைத்திருந்தார். மாமா தடவிப் பார்த்து, துணியில் சுற்றியிருந்த கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். அது மழைச்சோற்றுப் படங்கள்.

வந்து பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மேஜையில் மீந்திருந்த ஓமலூர்க் கட்டைக் கையில் எடுத்து, பிரித்துப் பார்த்து, திரும்ப வைத்தார். மாமா, "தப்பாயிருச்சா?" என்று கேட்டார். அக்கா சமையலறைக்குப் போய்விட்டார். மாமா மேல் கோபம் என்று சொல்ல முடியாது. பார்வை போன மனிதரை என்னவென்று திட்டுவது? ஆனால் அன்றிலிருந்து அவரோடு பேசுவது நின்றுபோனது. சோறு போடுவார், தண்ணீர் வைப்பார், பேச மாட்டார். தானும் சரியாகச் சாப்பிடவில்லை. மாமா இருட்டறையிலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். தகடுதான் நம்மிடம் இருக்கிறதே, இன்னொரு பிரதி போட்டுக் கொண்டுபோய்க் காட்டிவிடலாம், சென்னைக்குப் போனது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியுமே" என்றார்.

மறுநாளே கிளம்பினோம். எனக்குப் பயமாக இருந்தது. மழை இன்னும் வரவில்லை. படம் பிடித்ததால்தான் வரவில்லை என்று எவராவது ஆரம்பித்தால், அந்தச் சுற்று வட்டாரத்தில் நானும் அப்புறம் கால் வைக்க முடியாது. பிரசவ வலி கண்டாலும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். வண்டியில் போகும்போது இதை அக்காவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ எல்லையிலேயே இறங்கிக்கொள், நான் தனியாகப் போகிறேன் என்றார். நான் இறங்கவில்லை.

பண்ணையத்து வீட்டு வாசலில் பெண்கள் கூடினார்கள். படம் வந்திருக்கிறது என்ற ஆவலில் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அக்கா உட்காரவில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கணவர் மேல் பழி போடவில்லை. "எங்க ஊட்டுல தவறிப்போச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

பின்னாலிருந்து ஒருத்தி நான் பயந்ததையே சொன்னாள், மழை வராமல் போனதற்குக் காரணம் இப்போதுதானே தெரிகிறது என்று. இன்னும் இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாவாயி மட்டும் சுவரோடு ஒட்டி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்ததை நான் கவனித்தேன்.

பண்ணையத்து அம்மாள் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். "அந்தம்மா வந்து சொல்லாட்டி நமக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று அவர்களைப் பார்த்துக் கேட்டார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "போன படம் திரும்பி வரோணும் சாமி. அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

அன்று மாலையே அக்கா ரயில் ஏறினார். அதுவரை அவர் ஜோலார்பேட்டையைத் தாண்டியதில்லை. நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

பேராசிரியர் நல்ல மனிதர். வீட்டில் உட்காரவைத்து, அவருடைய மனைவி காப்பி கொடுத்தார். படங்களைப் பார்த்து அவர் மகிழ்ந்துபோயிருந்தார். அதிலும் பாவாயி கதறும் படத்தைத் தம்முடைய புத்தகத்தில் முதல் படமாக வைக்க எண்ணி, அச்சடிக்கும் பிளாக் தகடு எடுக்கக் கொடுத்துவிட்டாராம். அக்கா விஷயத்தைச் சொன்னதும் சங்கடப்பட்டார். புத்தகத்தில் யார் பெயரும் போடப்போவதில்லை, அந்த ஊரில் அதை யார் வாங்கிப் பார்க்கப்போகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"யார் பாக்கறாங்கங்கறது இல்லைங்க ஐயா. அவங்க சொல்லித்தான் அது வெளிய போகணும்" என்றார் அக்கா.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, வெயிலில் எங்களோடு அச்சுக்கூடத்துக்கு வந்தார். அங்கே படம் இன்னும் மேஜைமேல்தான் இருந்தது, வேலை ஆரம்பிக்கவில்லை. அதை வாங்கி அக்காவிடம் கொடுக்கும்போது அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். அந்தப் பெண்களிடம் தம் சார்பிலும் கேட்க வேண்டும், அவர்கள் எது சொன்னாலும் தமக்குச் சம்மதம். சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அக்கா கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

சேலத்தில் இறங்கியபோது தரை ஈரமாக இருந்தது. தூறல் என்று நினைத்தோம். குதிரைவண்டிக்காரர்தான், தெற்கே ராவோடு ராவாகக் கொட்டித் தீர்த்துவிட்டது என்று சொன்னார். வீட்டுக்குப் போகாமல் அப்படியே பனமரத்துப்பட்டிக்கு வண்டி பேசினோம். வழியெல்லாம் ஓடையில் செந்தண்ணீர் ஓடியது. ஊருக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. மரத்தாங்கி இல்லாமல், துணிக்கட்டை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா சேற்றில் நடந்து போனார்.

பெண்கள் காட்டிலிருந்து அப்படியே ஓடி வந்தார்கள். விதைப்புக்குப் போனவர்கள், காலெல்லாம் சேறு. படங்கள் கை மாறின. "பாரு பாரு, உம்பட மூக்கு", "நாந்தானா இது, இம்புட்டுக் கறுப்பாவா இருக்கறேன்" என்று ஒரே கூச்சல். மழை வந்த ஊரில் யாருக்கு யார் மேல் கோபம் இருக்கும்? ஆனால் அழுகிற படம் கைக்கு வந்ததும் சத்தம் குறைந்தது. அது பாவாயியிடம் போனபோது அவள் வாங்கிப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள், அடுத்தவளிடம் கொடுத்துவிட்டாள்.

அக்கா பேராசிரியர் கேட்டதைச் சொன்னார். பெண்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். பண்ணையத்து அம்மாள் இரண்டு படத்தையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு முடிவைச் சொன்னார்.

"சாப்படற படத்த அனுப்புங்க, நாலு பேரு பாக்கட்டும். அழுவற படம் இங்கயே இருக்கட்டுங்க. அது மழைக்காரனுக்குக் காட்டுனது, மெட்ராசுக்கு அல்ல."

அந்தப் படத்தையும் அதன் தகட்டையும் மாரியம்மன் கோயில் பெட்டியில் வைப்பதாக ஏற்பாடாயிற்று. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மழைச்சோறு எடுக்க வேண்டி வந்தால், எப்படி நடந்தது, யார் எங்கே நின்றார்கள் என்று புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு அதை எடுத்துக் காட்டுகிறார்கள். தகட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன் அக்கா அதிலிருந்து ஒரே ஒரு பிரதி மட்டும் போட்டார். அதற்குக் காரணம் பாவாயி.

நாங்கள் திரும்பும்போது வண்டிவரைக்கும் அவள் பின்னாலேயே வந்தாள். மற்றவர்கள் தள்ளிப் போகட்டும் என்று காத்திருந்தாள். அதற்கு முந்தின தை மாதம் அவளுக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன். தலைச்சன் பிள்ளை. ஒரு மாதம் ஆவதற்குள் போய்விட்டது. வீட்டில் அழுதால் ஆகாது, அடுத்தது தங்காது என்று மாமியார் அவளை வாய்விட்டு அழ விட்டதில்லை. அதை நான் அறிவேன். ஆனால் அன்றைக்கு எல்லையில் அவள் கதறியபோது எனக்கு அது தோன்றவேயில்லை.

"நர்சம்மா, உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு நான் மழைக்கு அழுவலீங்க" என்றாள். பிறகு அக்காவைப் பார்த்து, தனக்கு அதில் ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள். மெட்ராஸ் முழுக்க அதைப் பார்த்துவிட்டது என்று நினைத்துத் தூக்கமே இல்லையாம். இப்போது அது திரும்பி வந்துவிட்டது, தன்னிடமும் ஒன்று இருந்தால் போதும் என்றாள்.

அக்கா யாருக்குக் காட்டுவாய் என்று கேட்கவில்லை. தருகிறேன் என்றார். அவள் தலையை மட்டும் ஒருமுறை தொட்டார். வண்டி நகர்ந்த பிறகு பார்த்தால், பாவாயி ஓடைத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, மற்றப் பெண்களைக் கூப்பிட்டு என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. வண்டிச் சத்தம் கேட்டு மாமா இருட்டறையிலிருந்து வெளியே வந்து, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றார். அக்கா சேற்றுக்காலோடு உள்ளே போனார்.

"பசிக்குது. சோறு இருக்குதுங்களா?" என்றார்.

மாமா சுவரைத் தடவிக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பினார். "வடிச்சு வெச்சிருக்கேன்" என்றார். அப்புறம், "அவங்க பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"பாத்தாங்க" என்று சொல்லிக்கொண்டே அக்கா சமையலறையில் உட்கார்ந்தார். எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தார். சோறு கொஞ்சம் குழைந்துதான் இருந்தது. அக்கா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.